முப்பது பிள்ளைகள், ஒரு நாள்: பள்ளியில் அறிவியல், நாட்டுப் பாதுகாப்புத் தொழில்நுட்பப் பட்டறை நடத்த விரும்புவோருக்கு

பட்டறை என்றால் கொல்லன் பட்டறை. அங்கே வேடிக்கை பார்க்க வருகிறவனுக்கு வேலை இல்லை. சுத்தியல் எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் கற்றுக்கொள்கிறான். பள்ளியில் ‘பயிற்சிப் பட்டறை’ என்று பேனர் கட்டுகிறவர்கள் இந்தச் சொல்லின் பொருளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் முதன்முதலில் நடத்தியதைப் பட்டறை என்று சொல்ல முடியாது. ஒரு கூடத்தில் 120 பிள்ளைகள், முன்னால் ஒரே ஒரு மேசை, அதன் மேல் நான் வீட்டிலிருந்து கொண்டுபோன மாதிரி ராக்கெட்டும் மோட்டாரும். முதல் இரண்டு வரிசைப் பிள்ளைகள் பார்த்தார்கள். மற்றவர்கள் முன்னால் இருந்தவர்களின் பின்னந்தலையைப் பார்த்தார்கள். முடிவில் நன்றாகக் கைதட்டினார்கள். வெளியே வந்தபோது எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “சார், அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டாள். அதற்குள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு ஒரு பட்டறையில் முப்பது பேருக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. ஆறு குழுக்கள், குழுவுக்கு ஐந்து பேர், ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் பொருள்கள். பள்ளியில் 120 பேர் ஆர்வமாக இருக்கிறார்களா? நான்கு நாள் நடத்துங்கள். ஒரே நாளில் எல்லோரையும் அடைத்துவைக்காதீர்கள்.

தொடங்கும் முன்பு

தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், முதலுதவிப் பெட்டி ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அவற்றோடு இன்னொன்றையும் முதல் சந்திப்பிலேயே தலைமையாசிரியரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: வெடிமருந்து, தீக்குச்சி மருந்து, சர்க்கரையும் வெடியுப்பும் கலந்து செய்யும் எரிபொருள், பட்டாசு எதுவும் வளாகத்துக்குள் வராது. ‘பாதுகாப்புத் தொழில்நுட்பம்’ என்றதும் பலர் மனத்தில் வருவது குண்டும் துப்பாக்கியும்தான். உண்மையில் அந்தத் துறையின் பெரும்பகுதி வேலை பார்ப்பது, கேட்பது, செய்தி அனுப்புவது, காப்பது என்பவற்றில் அடங்கிவிடுகிறது. அவற்றில் பள்ளியில் செய்து பார்க்க முடியாதது எதுவும் இல்லை.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தையும், 1998 பொக்ரான் சோதனையின் நினைவாகக் கொண்டாடப்படும் மே 11 தேசியத் தொழில்நுட்ப தினத்தையும் பலர் சொல்வார்கள். மே மாதம் நமக்குக் கோடை விடுமுறை. பிப்ரவரியில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேர்வுப் பரபரப்பில் இருக்கும். கலாம் பிறந்த அக்டோபர் 15-ஐ ஒட்டிய வாரம் பிள்ளைகளின் மனத்துக்கு நெருக்கமானது. ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் என்பதால் மைதானம் சேறாகிவிடும். என் அனுபவத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் சனிக்கிழமைகள் வசதியானவை. ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளே இதற்கு மிகவும் பொருத்தம்.

அரசுப் பள்ளியாக இருந்தால் அங்கே வானவில் மன்றம் நடக்கிறதா என்று கேளுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட, அறிவியலைச் செய்து பார்த்துக் கற்கும் திட்டம் அது. அதில் வரும் தன்னார்வலர்களுக்குப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்திருக்கும். அப்படி ஒருவர் உடன் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். மத்திய அரசின் உதவியோடு அமைக்கப்படும் அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளி என்றால் சென்சார்களும் மின்னணுப் பலகைகளும் அலமாரியில் பிரிக்கப்படாமலேகூட இருக்கலாம். கேட்டு எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஒத்திகை பார்க்காமல் போகாதீர்கள். ஒவ்வொரு செயல்பாட்டையும் அதே பொருள்களை வைத்து வீட்டில் இரண்டு முறை செய்து பாருங்கள். உங்களுக்குப் பத்து நிமிடம் ஆனால் பிள்ளைகளுக்கு முப்பது நிமிடம் ஆகும். இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு மூன்று செயல்பாடுகள்தான் கொள்ளும். நான் வைத்துக்கொள்பவை இவை: காலையில் எதிரொலி, மதியத்துக்குமுன் ரகசிய எழுத்து, வெயில் தாழ்ந்த பிறகு நீர் ராக்கெட்.

எதிரொலியில் தொடங்கி ரேடாருக்கு

முதலில் மின்சாரம் இல்லாமல் தொடங்குங்கள். பள்ளிக் கட்டடத்தின் பெரிய சுவரிலிருந்து சரியாக 50 மீட்டர் அளந்து பிள்ளைகளை நிறுத்துங்கள். ஒருவர் கை தட்டினால் எதிரொலி திரும்பி வரும். அந்த எதிரொலி காதில் விழும் நொடியிலேயே அடுத்த தட்டு விழ வேண்டும். தாளம் பிடிபடச் சற்று நேரமாகும். பறையோ தவிலோ வாசிக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருந்தால் அவரையே தட்டச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார். இன்னொருவர் கைக்கடிகாரத்தில் நேரம் பார்க்க வேண்டும். முதல் தட்டுக்குச் சுழியம் என்று எண்ணத் தொடங்கி இருபது வரை போனால், ஒலி 20 முறை போய்த் திரும்பியிருக்கிறது. ஒரு முறைக்கு 100 மீட்டர் வீதம் மொத்தம் 2,000 மீட்டர். அதற்கு 5.7 நொடி ஆனதென்றால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். புத்தகத்தில் இருக்கும் எண்ணைத் தங்கள் உள்ளங்கையால் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது பிள்ளைகளுக்குப் புரியும் இடம் இது. அவசரப்படாமல் நின்று, எல்லாக் குழுக்களும் கணக்கை முடிக்கும்வரை காத்திருங்கள்.

பிறகு அறைக்குள் வாருங்கள். எச்.சி–எஸ்.ஆர்04 என்ற மீயொலி சென்சார், ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சிறிய மின்னணுப் பலகை, ஒரு சிறிய பஸர், நான்கைந்து ஒயர்கள். குழுவுக்கு ஒன்று வீதம் வாங்கினாலும் ஒவ்வொன்றுக்கும் சில நூறு ரூபாய்தான் ஆகும். பலகையில் நிரலை முன்கூட்டியே ஏற்றிக் கொண்டுபோங்கள். முப்பது பிள்ளைகளும் நிரல் எழுதித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அன்றைய நாள் முழுவதும் நிரலில் விடுபட்ட அரைப்புள்ளியைத் தேடுவதிலேயே போய்விடும். அவர்கள் மாற்றிப் பார்க்க ஒரே ஒரு எண் போதும்: எத்தனை சென்டிமீட்டருக்குள் பொருள் வந்தால் பஸர் ஒலிக்க வேண்டும் என்பது. ஒயரை அவர்களே மாட்டட்டும். மின்சாரம் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறினால் சென்சார் வீணாகிவிடும்.

சென்சார் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் உள்ள சுவருக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்குகூட ஆகாது. காலையில் கை தட்டிச் செய்த அதே வேலைதான். ரேடாரும் இதையே ரேடியோ அலைகளை வைத்துச் செய்கிறது. அந்த அலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போவதால், 150 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் விமானத்தைத் தொட்டுத் திரும்ப ஒரு மில்லி நொடிதான் ஆகிறது.

இனி வருவது என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டை, ஒரு கம்பளித் துண்டு, ஒரு தட்டு கொடுத்து, “உங்கள் சென்சார் முன்னால் ஒரு மீட்டர் தொலைவில் இவற்றில் ஒன்றை வையுங்கள். ஆனால் சென்சாருக்குத் தெரியக் கூடாது. எப்படி மறைப்பீர்கள்?” என்று கேளுங்கள். இருபது நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். அட்டையை நேராகப் பிடித்தால் பஸர் அலறும். யாராவது ஒருவர் கை தளர்ந்து அட்டையைச் சாய்ப்பார், சத்தம் சட்டென நின்றுவிடும். ஒரு பட்டறையில் அப்படிச் சாய்த்த பையன், தான் எதையோ உடைத்துவிட்டதாக எண்ணிப் பயந்து ஒயரையெல்லாம் அசைத்துப் பார்த்தான். மறுபடி அட்டையை நேராக்கினான், ஒலித்தது. சாய்த்தான், நின்றது. நேராக்கினான். சாய்த்தான். ஐந்தாறு முறை அப்படிச் செய்தபின் முகம் மலர்ந்து, “சார், ஒலி வேறு பக்கம் போய்விடுகிறது!” என்றான். கம்பளி வைத்த குழுவில் ஒலி திரும்பி வராமல் அதிலேயே அமுங்கிப் போனது. ரேடாரின் கண்ணில் படாத போர் விமானங்களைச் செய்வதில் உள்ள இரண்டு அடிப்படை உத்திகளும் இவைதான்: வரும் அலையை வேறு திசைக்குத் திருப்பும் வடிவம், அலையை உறிஞ்சிக்கொள்ளும் பூச்சு. இதை நீங்கள் முதலிலேயே கரும்பலகையில் எழுதியிருந்தால் அந்தப் பையனுக்கு அந்த முகம் வந்திருக்காது.

ரகசிய எழுத்து: தமிழிலேயே செய்யுங்கள்

ஜூலியஸ் சீசர் எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதிச் செய்தி அனுப்பினார் என்று சொல்லி ஆங்கில எழுத்துகளை வைத்து விளையாடுவது வழக்கம். தமிழில் செய்தால் கூடுதல் சுவை. பதினெட்டு மெய்களையும் க, ங, ச, ஞ என வரிசையாக ஒரு வட்ட அட்டையில் எழுதி, அதற்குள் சுழலும் இன்னொரு சிறிய வட்டத்தை நடுவில் குண்டூசியால் பொருத்துங்கள். ஒரு இடம் தள்ளினால் க என்பது ங ஆகும், ட என்பது ண ஆகும். ‘கடல்’ என்பது ‘ஙணவ்’ ஆகிவிடும். ‘மதுரை’ என்று எழுதினால் ‘யநுலை’. குழுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பட்டும். எத்தனை இடம் தள்ளியது என்ற சாவி எண் தெரியாமலேயே எதிரிக் குழு அதை உடைக்க வேண்டும்.

உடைக்கும்போது பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பவை ஏராளம். மெய் மாறினாலும் உகரமும் ஐகாரமும் அப்படியே நிற்பதால் சொல்லின் ஓசை வடிவம் வெளியே தெரிந்துவிடுகிறது. புள்ளி வைத்த எழுத்து சொல்லின் முதலில் வராது என்ற இலக்கண விதி உளவாளிக்கு உதவுகிறது. ‘ட’, ‘ண’, ‘ற’ போன்றவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதும் அப்படியே. தமிழாசிரியரையும் இந்த அமர்வுக்கு அழையுங்கள். நன்னூல் சூத்திரம் ஒன்று ரகசியச் செய்தியை உடைக்க உதவுவதைக் கண்டு மகிழாத தமிழாசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. உயிர்களையும் சேர்த்துத் தள்ளினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

நீர் ராக்கெட்

மதிய உணவுக்குப் பிறகு உடனே மைதானத்துக்குப் போகாதீர்கள். மூன்று மணி வரை நிழலில் உட்கார்ந்து ராக்கெட்டைக் கட்டட்டும். கட்டும்போது சொல்வதற்கு நம் மண்ணிலேயே கதை இருக்கிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படையும் திப்புவும் ஆங்கிலேயப் படையை முறியடித்தார்கள். அந்தப் போரில் மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன. காகிதக் குழாய்க்குப் பதிலாக இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்ததால் உள்ளே அழுத்தம் கூடி அவை வெகுதூரம் சென்றன. திப்பு 1799-இல் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் கைப்பற்றிய ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1963-இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போன கலாம், அங்கே வரவேற்புக் கூடத்தில் திப்புவின் ராக்கெட் வீரர்களைக் காட்டும் ஓவியம் மாட்டியிருந்ததைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது.

செய்முறை இது. சோடா, கோலா வகைப் பானங்கள் வரும் பெட் பாட்டிலையே எடுக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. கீறலோ மடிப்போ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பெட்டி அட்டையில் மூன்று அல்லது நான்கு இறக்கைகள் வெட்டி, பாட்டிலின் வாய்ப்பகுதிக்கு அருகே டேப்பால் ஒட்டுங்கள். பறக்கும்போது வாய் கீழே இருக்கும். மேலே வரும் அடிப்பகுதியில் பாதியாக வெட்டிய ஸ்பான்ச் பந்தையும், அதற்குள் சிறிது களிமண்ணையும் வையுங்கள். கூர்மையான மூக்கு எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

ஏவும் முன் ஒரு சோதனை. ராக்கெட்டை விரலில் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டு, அங்கே ஒரு நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் நேராகப் பறக்கும். பக்கவாட்டில் புரண்டால் மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண் வேண்டும், அல்லது இறக்கை பெரிதாக வேண்டும். மைசூர் ராக்கெட்டில் நீளமான மூங்கில் ஏன் கட்டினார்கள் என்று இந்த இடத்தில் கேளுங்கள். விடை அவர்கள் கையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏவுதளத்துக்கு வேதியியல் ஆய்வகத்தில் உள்ள துளையிட்ட ரப்பர் கார்க் போதும். துளையில் ஒரு குட்டிக் குழாயைச் செருகி, அதிலிருந்து ஐந்து மீட்டர் நீளத்துக்கு அழுத்தம் தாங்கும் தடித்த குழாயை இழுத்து, மறுமுனையில் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்துங்கள். வால்வை பாட்டில் பக்கம் வைக்காமல் பம்பு பக்கம் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில சமயம் கார்க் இறுகி ராக்கெட் கிளம்பாமல் நிற்கும். அப்போது பாட்டில் அருகே போகாமல், ஐந்து மீட்டர் தள்ளியிருந்தபடியே வால்வைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கிவிடலாம். இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒருமுறை கிளம்பாத பாட்டிலைக் குனிந்து பார்க்கப் போனேன். கை நீட்டும் முன் அது என் காதை உரசிக்கொண்டு மேலே போனது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அழுத்த மீட்டர் உள்ள பம்பையே பயன்படுத்துங்கள். 40 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. பம்பு அடிப்பவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மற்றவர்கள் 15 மீட்டருக்கு அப்பால் கயிற்றுக்குப் பின்னால். மைதானத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். எண்ணிக்கையை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒரு குழு வெறும் காற்றோடும், ஒரு குழு முக்கால் பாட்டில் நீரோடும், மற்றவை இடைப்பட்ட அளவுகளிலும் ஏவட்டும். வெறும் பாட்டில் ‘பொப்’ என்று சிறிது எழும்பி விழும். நிறைய நீர் இருந்தால் எடை தாங்காமல் சோம்பலாகக் கிளம்பும். மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவில்தான் மிக அதிக உயரம் போகும். உயரத்தை அளக்கப் பாகைமானியின் நடுவே நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஏவுதளத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பிள்ளைக்கு 40 பாகை கிடைத்தால், 30 × 0.84 (40 பாகையின் டேஞ்சன்ட் மதிப்பு), அதாவது ஏறக்குறைய 25 மீட்டர். அதோடு அந்தப் பிள்ளையின் கண் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முக்கோணவியல் எதற்கு என்று கேட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

யாரை அழைப்பது, என்ன பேசுவது

ஆவடியில் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமும் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் இருக்கின்றன. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை, நீலகிரியில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, அரக்கோணத்தில் கடற்படை விமானத்தளம். இவற்றுக்குள் பிள்ளைகளை அழைத்துப் போவது நினைத்தவுடன் நடக்கிற காரியம் அல்ல. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், மறுத்தால் வருந்தவும் கூடாது. ஆனால் அங்கெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்தில் சேர்ந்த ஊர்களும் உண்டு. சிக்னல் பிரிவில் வயர்லெஸ் இயக்கிய ஒரு முன்னாள் ஹவில்தார் அரை மணி நேரம் பேசினால், ரகசிய எழுத்து அமர்வுக்கு உயிர் வந்துவிடும். சொற்பொழிவாக வேண்டாம் என்று அவரிடம் முன்பே சொல்லி, பிள்ளைகளின் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போரைப் பற்றி ஆரவாரமாகப் பேசாதீர்கள். நான் போகும் பள்ளிகள் சிலவற்றில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஷெல் விழும் ஓசையைக் காதால் கேட்ட பாட்டி அவர்கள் வீட்டில் இருப்பார். அந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கும்படிதான் நம் பேச்சு இருக்க வேண்டும். “குண்டு செய்வது எப்படி, சார்?” என்று யாராவது கேட்டால் திட்ட வேண்டாம். நான் அப்போது கலாம் சொன்ன நிகழ்ச்சியைச் சொல்வேன். ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான கலப்புப் பொருளைப் பார்த்த ஹைதராபாத் மருத்துவர் ஒருவர், அவரைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், மூன்று கிலோ எடையுள்ள உலோகக் கவசத்தைக் காலில் மாட்டி இழுத்து நடந்த குழந்தைகளைக் காட்டினார். சில வாரங்களில் அதே பொருளில் 300 கிராம் எடையில் கவசம் தயாரானது. குழந்தைகள் ஓடினார்கள். இதைச் சொல்லும்போது ஒரு கையில் மூன்று கிலோ அரிசிப் பையையும், மறுகையில் 300 கிராம் பருப்புப் பொட்டலத்தையும் பிள்ளைகளிடமே கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு

சான்றிதழ் கொடுப்பதானால் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள், அது போதும். அதைவிட முக்கியம், பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வராமல் இருப்பது. பம்பு, கார்க், சென்சார் எல்லாவற்றையும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் எழுதி ஒப்படையுங்கள். பூட்டிய அலமாரியில் போய்ச் சேராமல் இருக்க, குழுத் தலைவர்களில் ஒருவரிடம் சாவி இருக்கட்டும் என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். பம்பையும் பாட்டிலையும் மட்டும் ஆசிரியர் உடனிருக்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்ற விதியை அலமாரிக் கதவிலேயே ஒட்டுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் போய் வாருங்கள். உங்களிடம் கற்ற முப்பது பேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று சொல்லித் தரட்டும், நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். அவர்கள் தவறாகச் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த பள்ளியில் நீங்கள் இன்னும் நிதானமாகச் செய்ய வேண்டிய இடங்கள் அவைதான்.